வண்ணப்பூச்சின் தடிமனில் ஓர் எல்லை: புளோரிடாவின் கொண்டோ சட்டம் யாரை யாரிடமிருந்து காக்கிறது?

புளோரிடாவில் ஒரு கொண்டோ வீட்டில் குழாய் வெடித்து, அறை முழுக்கத் தண்ணீர் நின்றது என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு ஏற்கும் விபத்துதான். ஊறிப்போன சுவர்ப் பலகையை மாற்றுவது, அடுக்ககத்தின் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்த சங்கத்தின் பொறுப்பு. அந்தப் பலகைமேல் பூசிய வண்ணம் வீட்டுக்காரர் பொறுப்பு. தரையின் கான்கிரீட் சங்கத்துக்கு, அதன்மேல் பதித்த ஓடு வீட்டுக்காரருக்கு. சமையலறை அலமாரி, வெந்நீர்க் கலன், மின்விளக்கு, சன்னல் திரை எல்லாமே வீட்டுக்காரர் கணக்கில்தான் வரும். மாநிலச் சட்டத்தொகுப்பின் 718ஆம் அத்தியாயம் இந்த எல்லையை இவ்வளவு நுணுக்கமாகக் கிழித்து வைத்திருக்கிறது.

வண்ணப்பூச்சின் தடிமன்வரை அளந்து எழுத வேண்டிய தேவை சட்டத்துக்கு ஏன் வந்தது? ஒரே கூரையின் கீழ் நூறு பேர் தனித்தனியாகவும் சேர்ந்தும் உரிமையாளர்களாக இருப்பதால்தான். வீட்டுக்குள் ஒவ்வொருவரும் ராஜா. கதவுக்கு வெளியே கால் வைத்தால் எல்லோரும் பங்காளிகள். பங்காளிச் சண்டை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கொண்டோ சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அவற்றுள் அதிகம் அடிபட்டு, அதிகம் திருத்தப்பட்டது புளோரிடாவின் சட்டம். அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 15 லட்சம் கொண்டோ வீடுகள் இருக்கின்றன. ஓய்வுபெற்று வெயில் தேடி வந்தவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்கிப்போட்டவர்கள், அங்கேயே வேலை செய்து வாழும் குடும்பங்கள் என எல்லோரும் அவற்றில் கலந்திருக்கிறார்கள். அறுபதாண்டுத் திருத்தங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று கட்டங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலில் சட்டம் வாங்குபவரைக் கட்டுநரிடமிருந்து காத்தது. அடுத்து உரிமையாளரை நிர்வாகக் குழுவிடமிருந்து காத்தது. இப்போது கட்டிடத்தை அதன் உரிமையாளர்களிடமிருந்தே காக்க முனைந்திருக்கிறது. குழுவில் உட்கார்ந்திருப்பவரும் வீட்டுக்காரரும் எந்த விதி எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், விதி புரியும். அதை விட, அதன் கண்டிப்பு ஏன் என்பது புரியும்.

காற்றில் ஒரு வீடு

நிலம் யாருடையதோ அதன்மேல் எழுந்ததும் அவருடையதே என்பது ரோமானியர் காலத்திலிருந்து வந்த கொள்கை. ஆங்கிலேயச் சட்டமரபும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது. ஏழாவது மாடியில், நிலத்தைத் தொடாமல் காற்றில் நிற்கும் ஓர் அறைத்தொகுதியைத் தனியாக விற்பது, அடகு வைப்பது, வரி கட்டுவது என்பதற்கு அதில் தெளிவான வழி இல்லை. ஸ்பானியச் சட்டமரபில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ 1958இல் கிடைமட்டச் சொத்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் யூட்டா 1960இல் முந்திக்கொண்டது. 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தி, கொண்டோ வீட்டுக் கடனுக்கும் மத்திய அரசின் காப்புறுதி கிடைக்க வழிசெய்தது. வங்கிப் பணம் வந்ததும் சட்டங்கள் மளமளவென்று வந்தன. புளோரிடா, இல்லினாய், மாசசூசெட்ஸ் ஆகிய மூன்றும் 1963இல் இயற்றின. நியூயார்க் 1964இல் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய நாடு முழுவதும் பரவிவிட்டது.

இந்தச் சட்டங்கள் செய்த தந்திரம் எளிமையானது. ஒவ்வொரு வீடும் தனிச் சொத்து. நிலம், தூண், கூரை, மாடிப்படி, மின்தூக்கி எல்லாம் பொதுச்சொத்து. வீட்டை வாங்கும்போதே பொதுச்சொத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தனியே விற்கவும் முடியாது, பிரித்துக் கேட்கவும் முடியாது. சங்கத்தில் சேர விருப்பமில்லை என்று சொல்லவும் முடியாது. பத்திரம் பதிவானவுடன் உறுப்பினர்தான். அந்தப் பிரிக்கப்படாத பங்குக்கு, சென்னையில் வீடு வாங்கியவர்கள் யு.டி.எஸ். என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் போதும்.

மாநிலங்களிடையே ஒருமை கொண்டுவர 1977இல் ஒரு மாதிரிச் சட்டமும் 1982இல் அதைவிட விரிவான இன்னொன்றும் வரைந்தார்கள். கொலராடோ, கனெக்டிகட், நெவாடா போன்றவை பின்னதைத் தழுவின. கலிபோர்னியா 1985இல் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் என்று தனிவழி போனது. புளோரிடாவும் தன் வழியில்தான் போகிறது. ஆகவே ஒரு மாநிலத்தில் கேட்ட விதியை இன்னொரு மாநிலத்துக் கூட்டத்தில் எடுத்துவிட்டால் அசடு வழிய வேண்டிவரும். புளோரிடாவுக்குள்ளேயே கொண்டோவுக்கு 718, கூட்டுறவு வீட்டுக்கு 719, தனிவீட்டுக் குடியிருப்புச் சங்கத்துக்கு 720 என்று மூன்று அத்தியாயங்கள் உண்டு. தாம் எந்த அத்தியாயத்தின் கீழ் வசிக்கிறோம் என்பதே தெரியாமல் வாதாடுபவர்கள் ஏராளம்.

தாள்களின் படிவரிசை

ஒரு கொண்டோவை ஆள்வது ஒரே ஏடு அல்ல. உச்சியில் மத்திய, மாநிலச் சட்டங்கள். அடுத்து, மாவட்டப் பதிவேட்டில் பதிவான பிரகடனப் பத்திரம். வீட்டின் எல்லை, பங்கு விகிதம், பயன்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் இதில் இருக்கும். அதன் கீழ் சங்கத்தின் பதிவுச் சாசனம், பிறகு துணைவிதிகள், கடைசியில் குழு அவ்வப்போது போடும் விதிகள். கீழேயுள்ளது மேலேயுள்ளதை மீற முடியாது. சண்டைகளில் பாதி, கீழ்த்தாளை வைத்துக்கொண்டு மேல்தாளோடு மோதுவதால் வருகிறது.

நீதிமன்றங்களும் இந்தப் படிவரிசையை ஒட்டியே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 1975இல் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், பொதுக்கூடத்தில் மது அருந்தக் கூடாது என்ற சங்கத்தின் விதி செல்லும் என்றது. நெருங்கி வாழ்பவர்கள் தனிவீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், கொண்டோ என்பது ஒரு குட்டி ஜனநாயகம் என்பது அதன் வாதம். 1981இல் அதே சங்கம் தன் உறுப்பினர் ஒருவர் கிணறு தோண்டியதற்காக வழக்குப் போட்டுத் தோற்றது. பிரகடனப் பத்திரத்தில் எழுதியிருந்தால் அது வாங்கும்போதே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. ஓரளவு நியாயமற்றதாக இருந்தாலும் நிற்கும். குழு தன் விருப்பத்தில் மறுப்பதற்கோ நியாயமான காரணம் வேண்டும் என்றது நீதிமன்றம். கலிபோர்னியாவில் 1994இல் மூன்று பூனைகள் வளர்த்த ஒருவரின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. செல்லப்பிராணிக்குத் தடை என்பது பதிவான பத்திரத்தில் இருந்தது. பூனைக்காரர் தோற்றார்.

மேலேயிருந்து மத்தியச் சட்டமும் கை நீட்டும். 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு உதவும் விலங்கைச் ‘செல்லப்பிராணித் தடை’ என்று சொல்லி விரட்ட முடியாது. சொந்த பால்கனியில் ஒரு மீட்டருக்குட்பட்ட டிஷ் ஆன்டெனா வைப்பதையும் அமெரிக்கக் கொடி ஏற்றுவதையும் தடுக்க முடியாது. புளோரிடா தன் பங்குக்கு, மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், ஒன்றரை அங்குலப் பருமனுக்குள் ஒரு சமயச் சின்னத்தைக் கதவுநிலையில் பொருத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. யூதர்களின் மெசூஸாவைப் பற்றிய தகராறுகளின் பின்னணியில் வந்த விதி. நிலைக்கு மேல் சின்னப் பிள்ளையார் வைப்பவருக்கும் அதுவே காப்பு. வாசல் நிறைய மாவிலைத் தோரணம் கட்டுபவர் அளவுநாடாவைத் தேட வேண்டும்.

முதல் கட்டம்: கட்டுநரிடமிருந்து வாங்குபவரை

1960களிலும் 70களிலும் புளோரிடாவில் ஒரு வழக்கம் பரவியது. கட்டுநர் வீடுகளை விற்பார். நீச்சல்குளம், பொதுக்கூடம் உள்ள நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, 99 ஆண்டுக் குத்தகைக்குச் சங்கத்துக்கு விடுவார். குத்தகையில் கையெழுத்திடும் சங்கத்தின் குழுவில் இருப்பதும் கட்டுநரின் ஆட்களே. இரு பக்கமும் ஒரே கை. விலைவாசி உயர உயர வாடகையும் தானாக உயரும் என்ற ஷரத்து வேறு. எழுபதுகளின் பணவீக்கத்தில், நிலையான ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் திணறிப்போனார்கள். சட்டமன்றம் அந்த ஏற்ற ஷரத்தைத் தடைசெய்தது. 1976இல் சட்டத்தையே புதுப்பித்து 718ஆம் அத்தியாயமாக்கியது.

ஆனால் ஏற்கெனவே எழுதிய குத்தகைக்குப் புதிய தடை பொருந்துமா? 1977இல் வந்த காஃப்மன் வழக்கின் தீர்ப்பு இன்றும் புளோரிடா வழக்கறிஞர்களின் வாயில் புழங்குகிறது. அந்தக் கொண்டோவின் பிரகடனப் பத்திரம், கொண்டோ சட்டத்தை ‘அவ்வப்போது திருத்தப்படும் வடிவில்’ ஏற்பதாகச் சொன்னது. அந்த ஒரு தொடரால் புதிய சட்டம் பழைய குத்தகையையும் கட்டுப்படுத்தியது. தொடர் இல்லாத பத்திரங்களுக்கு, சொத்துரிமையையோ ஒப்பந்தத்தையோ தொடும் புதிய திருத்தங்கள் பல நேரங்களில் பொருந்துவதில்லை. குழுவுக்குப் புதிதாக வருபவர் தம் பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது இந்தத் தொடரைத்தான்.

இந்தக் கட்டத்தின் இன்னொரு கொடை, ஆட்சி கைமாறும் அட்டவணை. வீடுகளில் 15 சதவீதம் விற்றதும் வாங்கியவர்கள் குழுவில் மூன்றிலொரு பங்கையாவது தேர்ந்தெடுக்கலாம். 90 சதவீதம் விற்று மூன்று மாதம், அல்லது 50 சதவீதம் விற்று மூன்று ஆண்டு, இப்படி எது முந்துகிறதோ அப்போது பெரும்பான்மை அவர்கள் கைக்கு வரும். கைமாறும் நாளில் வரைபடம், கணக்கு, ஒப்பந்தம், உத்தரவாதம் எல்லாவற்றையும் கட்டுநர் ஒப்படைக்க வேண்டும். கட்டுமானக் குறைபாட்டுக்கான கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டென்பதால், தனியாக ஒரு பொறியாளரை அமர்த்திக் கட்டிடத்தைப் பரிசோதிக்காமல் சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொள்வது ஏமாளித்தனம்.

இரண்டாம் கட்டம்: குழுவிடமிருந்து உரிமையாளரை

கட்டுநர் போனபின் அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வந்தது. சம்பளம் இல்லாத, பயிற்சி இல்லாத, சில சமயம் கோடிக்கணக்கான டாலரைக் கையாளும் அதிகாரம். 2017இல் மயாமி-டேட் மாவட்டத்தின் பெரும் நடுவர் குழு, கொண்டோ உரிமையாளர்களின் குமுறலை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தேர்தல் மோசடி, ஆவணங்களைக் காட்ட மறுப்பது, வேண்டியவர்களுக்கு ஒப்பந்தம் தருவது ஆகியவை அதில் அடுக்கப்பட்டிருந்தன. சட்டமன்றம் அதே ஆண்டு குற்றவியல் தண்டனைகளைச் சேர்த்தது.

இன்றுள்ள விதிகளின் எலும்புக்கூடு இது. குழுக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னதாக அறிவிப்பை ஒட்ட வேண்டும். சிறப்பு வசூலோ வீட்டுப் பயன்பாடு பற்றிய விதியோ பேசப்படும் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். உரிமையாளர் கூட்டத்துக்கு வரலாம், நிகழ்ச்சிநிரலில் உள்ளதைப் பற்றிப் பேசலாம், பதிவும் செய்யலாம். எழுத்தில் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் ஆவணங்களைக் காட்ட வேண்டும். உரிமையாளர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது.

தேர்தல் விதி தனி அழகு. முதல் அறிவிப்பு 60 நாள் முன். போட்டியிடுபவர் 40 நாள் முன் பெயர் தர வேண்டும். வாக்குச்சீட்டு பெயரில்லாத உள்ளுறைக்குள், உள்ளுறை கையெழுத்திட்ட வெளியுறைக்குள். யார் வாக்களித்தார் என்பது தெரியும், யாருக்கு என்பது தெரியாது. பதிலாள் வாக்குக்கு இடமில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கிவரும் வேலை நடக்காது. ஐந்தில் ஒரு பங்கினர் வாக்களித்தால் தேர்தல் செல்லும். தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் நீடிக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அல்லது வேறு ஆள் இல்லாதிருக்க வேண்டும். மொத்த வாக்குரிமையில் பெரும்பான்மை சேர்ந்தால், காரணம் சொல்லாமலே ஒரு குழு உறுப்பினரைத் திரும்ப அழைக்கலாம்.

அபராதம் குழுவின் சாட்டை. அதற்கும் கடிவாளம் உண்டு. ஒரு மீறலுக்கு 100 டாலர், தொடர்ந்தால் மொத்தம் 1,000 டாலர். 14 நாள் முன்னறிவிப்பு தந்து, குழுவைச் சேராத, அவர்களுக்கு உறவுமில்லாத மூன்று பேராவது கொண்ட விசாரணைக் குழு ஒப்புக்கொண்டால்தான் அபராதம் நிற்கும். கொண்டோவில் அபராதத்தை வீட்டின்மேல் கடனாக ஏற்றவும் முடியாது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், குழு உறுப்பினர்கள் நான்கு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும், பிறகு ஆண்டுதோறும் ஒரு மணி நேரம் படிக்க வேண்டும் என்றது. கையூட்டு வாங்குவதும் ஆவணங்களை வேண்டுமென்றே மறைப்பதும் குற்றங்களாயின.

இத்தனை கடிவாளங்களையும் படித்துவிட்டு, குழுவில் யார் உட்காருவார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கும் ஒரு கேடயம் உண்டு. உரிய அதிகாரத்துக்குள், விசாரித்து, நல்லெண்ணத்தோடு, சங்கத்தின் நலன் கருதி எடுத்த முடிவு பிற்பாடு பிசகிப்போனாலும் நீதிமன்றம் அதைத் துருவாது. 1999இல் கலிபோர்னியாவில் கரையான் பிடித்த ஒரு கொண்டோவின் குழு, கட்டிடம் முழுக்கப் புகையூட்டாமல் அங்கங்கே மருந்தடிப்பது என்று முடிவெடுத்தது. ஓர் உரிமையாளர் வழக்குப் போட்டார். யோசித்து எடுத்த முடிவு அது, எந்த மருந்து நல்லதென்று நீதிபதி சொல்லப்போவதில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். ஆகவே குழுவின் உண்மையான பாதுகாப்பு கூட்டக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. பொறியாளரைக் கேட்டோம், மூன்று விலைப்புள்ளி வாங்கினோம், இன்ன காரணத்தால் இதைத் தேர்ந்தோம் என்ற நான்கு வரி, நான்கு ஆண்டு வழக்கைத் தடுக்கும்.

பணம்: பங்காளி கட்டாவிட்டால்

நீச்சல்குளம் பக்கமே போகவில்லை, தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லை, கூரை ஒழுகுகிறது என்றெல்லாம் சொல்லி, சங்கத்துக்குக் கட்டும் மாதத்தொகையை நிறுத்த முடியாது. பயன்படுத்தாததோ வீட்டைப் பூட்டிப் போட்டதோ கடமையைத் தீர்க்காது. குறை இருந்தால் அதற்கு வேறு வழி. பணம் கட்டிக்கொண்டே சண்டை போட வேண்டும். கட்டாவிட்டால் முதலில் 30 நாள் கெடு வைத்து ஒரு கடிதம். அடுத்து, வீட்டின்மேல் பற்றுரிமை பதியப்போவதாக 45 நாள் அறிவிப்பு. அதற்கும் அசையாவிட்டால், வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர வழக்குப் போடப்போவதாக இன்னொரு 45 நாள். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும் சங்கம் வழக்கறிஞர் செலவை இழக்கக்கூடும்.

வங்கி முந்திக்கொண்டு ஏலத்தில் எடுத்தால் என்ன ஆகும்? புளோரிடாவில் முதல் அடமானக்காரர் தர வேண்டியது பன்னிரண்டு மாத நிலுவை அல்லது ஆதிக்கடனில் ஒரு சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. மாதம் 600 டாலர் வீதம் ஓராண்டுப் பாக்கி 7,200. கடன் 3 லட்சம் என்றால் ஒரு சதவீதம் 3,000. வங்கி 3,000 தந்துவிட்டுக் கை கழுவும். மிச்சம் யார் தலையில்? ஒழுங்காகக் கட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில்தான். நெவாடாவில் சங்கத்தின் ஒன்பது மாத நிலுவைக்கு அடமானத்தைவிட முன்னுரிமை உண்டு. சங்கம் ஏலம் விட்டால் வங்கியின் அடமானமே அழிந்துபோகலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னபோது வங்கிகள் ஆடிப்போயின.

மூன்றாம் கட்டம்: உரிமையாளர்களிடமிருந்து கட்டிடத்தை

இதுவரை சொன்னதெல்லாம் யாரோ ஒரு கெட்டவர் இருப்பதாக எண்ணி எழுதிய சட்டம். பேராசைக் கட்டுநர், அடாவடித் தலைவர், பாக்கிக்காரர். எல்லோரும் நல்லவர்களாக, நியாயமாக வாக்களித்தே ஒரு கட்டிடத்தைக் கைவிட முடியும் என்பதைச் சட்டம் மிகத் தாமதமாகத்தான் பார்த்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு வீடுகள், இருபது ஆண்டு தாங்கும் கூரை, மாற்ற 6 லட்சம் டாலர். இன்றிலிருந்தே ஒதுக்கினால் வீட்டுக்கு மாதம் 25 டாலர். ஒதுக்காவிட்டால் இருபதாம் ஆண்டு வீட்டுக்கு 6,000 டாலர் ஒரே மூச்சில். ஆனால் சராசரி உரிமையாளர் இருபது ஆண்டு இருப்பதில்லை. பத்தாம் ஆண்டில் விற்றுவிட்டுப் போகிறவருக்கு அந்த 25 டாலர் மிச்சம். கூரையைத் தேய்த்தவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். எதிர்காலத்தில் வாங்கப்போகிறவருக்கு இன்றைய கூட்டத்தில் வாக்கு இல்லை. புளோரிடா சட்டம் ஒதுக்கு நிதியைக் கட்டாயமாக்கிவிட்டு, உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பெரும்பான்மை வாக்கால் அதை விட்டுவிடலாம் என்றும் வழிவைத்திருந்தது. பல கட்டிடங்களில் அந்த வாக்கெடுப்பு வருடாந்தரச் சடங்காகிப்போனது. ஐந்தாண்டுக்கொரு முறை பொறியாளரின் அறிக்கை வேண்டுமென்று 2008இல் ஒரு விதி வந்தது. செலவு அதிகம் என்ற எதிர்ப்பில் 2010இல் அது நீக்கப்பட்டது.

புளோரிடாவின் சர்ஃப்சைட் கடற்கரையில் 1981இல் கட்டிய சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் 136 வீடுகள். 2018இல் ஒரு பொறியாளர், நீச்சல்குளத் தளத்தில் நீர்க்காப்பு பழுதாகி, அடியிலுள்ள கான்கிரீட்டுக்குப் பெரும் சேதம் என்று எழுதித் தந்தார். பழுதுபார்க்க ஏறத்தாழ 90 லட்சம் டாலர் ஆகுமென்று மதிப்பு. கூட்டங்கள், வாதங்கள், ராஜினாமாக்கள். 2021 ஏப்ரலில் ஒருவழியாக 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதலானது. வீட்டுக்கு 80,000 டாலரிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேல். ஜூலை 1இல் வசூல் தொடங்க வேண்டும். ஜூன் 24 அதிகாலை கட்டிடம் இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

சேமிப்பு இல்லாமையே இடிவுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நீச்சல்குளத் தளத்தின் வடிவமைப்பே அன்றைய கட்டிட விதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்று மத்திய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் நோய் தெரிந்தபிறகு மருந்துக்கு மூன்று ஆண்டு ஏன் ஆனது என்ற கேள்விக்கு விடை, அந்த வருடாந்தரச் சடங்கில் இருக்கிறது.

2022 மே மாதம் புளோரிடா புதிய சட்டம் இயற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கொண்டோக்கள் முப்பதாம் ஆண்டில் கட்டமைப்பு ஆய்வுக்கு உட்பட வேண்டும். கடல் உப்புக்காற்று போன்ற காரணம் இருந்தால் உள்ளூர் நிர்வாகம் அதை 25ஆம் ஆண்டுக்கு முன்தள்ளலாம். பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. முதலில் கண்ணால் பார்க்கும் ஆய்வு. சந்தேகம் எழுந்தால் தோண்டிப் பார்க்கும் இரண்டாம் ஆய்வு. கூடவே கட்டமைப்பு ஒதுக்கு நிதி மதிப்பீடு. கூரை, தாங்கும் சுவர், தீத்தடுப்பு, குழாய், மின்சாரம், நீர்க்காப்பு, வெளிச்சன்னல் ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு ஆயுள், எவ்வளவு செலவு என்று வல்லுநர் கணக்கிட வேண்டும். 2024 முடிவுக்குப் பிந்தைய நிதித்திட்டங்களில் இவற்றுக்கான ஒதுக்கீட்டை வாக்களித்துத் தவிர்க்க முடியாது. சட்டம் உரிமையாளரின் கையிலிருந்து ஒரு வாக்கைப் பிடுங்கி, இன்னும் வராதவரின் கையில் கொடுத்தது.

இப்படி விபத்துக்குப் பின் விழித்துக்கொள்வது புளோரிடாவுக்குப் புதிதல்ல. 1974இல் மயாமி நகர மையத்தில் ஒரு கட்டிடம் இடிந்து ஏழு பேர் இறந்தபின்தான் அந்த மாவட்டத்தின் நாற்பதாண்டு மறுசான்றிதழ் முறை பிறந்தது. கலிபோர்னியாவில் 2015இல் பெர்க்லியில் ஒரு வாடகைக் குடியிருப்பின் பால்கனி விழுந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள்; இன்று கொண்டோ பால்கனிகளை ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது அங்கே சட்டம். நியூ ஜெர்சி 2024இல் தன் கட்டமைப்பு ஆய்வுச் சட்டத்தை இயற்றியது.

விலை யார் கொடுப்பது?

தள்ளிப்போட்ட முப்பது ஆண்டுக் கணக்கு ஒரே ஆண்டில் வந்து நின்றபோது, கடைசியில் மிஞ்சியிருந்தவர்கள் முதியவர்கள். மாதத்தொகை எகிறியது, காப்பீட்டுக் கட்டணமும் கூடவே ஏறியது. விற்கலாமென்றால் பழைய கட்டிடத்தை வாங்க ஆளில்லை, கடன் தர வங்கி தயங்குகிறது. 2025இல் சட்டமன்றம் கொஞ்சம் இளகியது. ஒதுக்கு நிதி மதிப்பீட்டுக்கான கெடு ஓராண்டு நீண்டது, பெரும்பான்மை ஒப்புதலோடு கடன் வாங்கியும் ஒதுக்கு நிதியைக் காட்டலாம், ஆய்வுக்குப்பின் அவசரப் பழுதுக்காக இரண்டு நிதியாண்டுவரை ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். கயிற்றை நீட்டினார்களே தவிர அவிழ்க்கவில்லை. நீட்டியதுகூடக் கடன்தான் என்பதை மறக்கக் கூடாது. வட்டியோடு அதே பங்காளிகள்தான் கட்டப்போகிறார்கள்.

இன்னொரு வழி, கொண்டோவையே கலைத்துக் கட்டுநருக்கு விற்பது. 80 சதவீதம் ஒப்ப வேண்டும். ஐந்து சதவீதம் எதிர்த்தாலே முறிந்துவிடும். மயாமியில் பிஸ்கேன் 21 என்ற பழைய கொண்டோவில் பெரும்பான்மை வீடுகளை வாங்கிய நிறுவனம், பத்திரத்திலிருந்த நூறு சதவீத ஒப்புதல் என்ற ஷரத்தை 80ஆகத் திருத்திக்கொண்டு கலைக்க முயன்றது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த நூறு என்பது ஒவ்வொரு சிறுபான்மை உரிமையாளருக்கும் தரப்பட்ட மறுப்புரிமை. அதை அவர்கள் சம்மதமின்றி எடுக்க முடியாது. இங்கும் வென்றது பத்திரத்தின் ஒரு வரிதான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைதூரக் கதை அல்ல. நம் 1994ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டத்தின் இடத்தில் 2022இல் இயற்றி 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பழைய கட்டிடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் போதும் என்கிறது. எண்பதா அறுபத்தேழா என்பது வெறும் எண் அல்ல. மிச்சமிருக்கும் முதியவரின் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதே அந்த எண்.

எனவே வீடு வாங்கப்போகிறவர் ‘மெயின்டனன்ஸ் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் போதாது. குறைந்த தொகை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், ஒத்திப்போட்ட கடனின் அடையாளமாகவும் இருக்கலாம். கூரைக்கு எத்தனை வயது, அதற்கென ஒதுக்கியது எவ்வளவு, கடைசி ஆய்வறிக்கை எங்கே என்ற மூன்று கேள்விகளே வேறுபாட்டைக் காட்டும். புளோரிடாவில் இன்று அந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. குழுவில் இருப்பவரோ, அடுத்த நிதித்திட்டக் கூட்டத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைக்கலாம். இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து அந்த வீட்டுக்கு வரப்போகிறவர் அதில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, மாதம் 25 டாலர் வேண்டாம் என்ற தீர்மானத்தை அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.